சாரம் கட்டுவதற்கு முதல் நாள் கூப்பிடுங்கள்

பெறுநர்: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் மாநகர, நகர, பிரதேச சபையினர், பிரதேச செயலாளர்கள், கோயில் வண்ணக்கர்மார், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையினர், பங்குத் தந்தையர், சேகரக் குருமார், பழைய பாடசாலைகளின் அதிபர்கள்.

அன்புடையீர்,

பழைய கட்டடமொன்றின் திருத்த வேலைக் கோவையைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டு படங்கள் இருக்கும். முதலாவதில் ஏழெட்டுப் பேர் வெள்ளைச் சேட்டோடு வரிசையாக நிற்பார்கள், அவர்களுக்குப் பின்னால் எங்கோ ஒரு சுவர். கீழே ‘வேலைக்கு முன்’ என்று எழுதியிருக்கும். இரண்டாவதில் அதே சுவருக்குப் புதுப் பூச்சு, கிறீம் நிறப் பெயின்ற், பெயர்க்கல். சுவரில் என்ன கல் இருந்தது, எந்தச் சாந்தில் கட்டியிருந்தார்கள், வெடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதை இரண்டு படத்திலிருந்தும் அறிய முடியாது. பூச்சு ஏறிய பிறகு சுவரிடமும் கேட்க முடியாது.

கூரை ஒழுகினால் திருத்தத்தான் வேண்டும். பிள்ளைகள் இருக்கும் வகுப்பறைச் சுவர் வெடித்தால் பொறுத்திருக்கவும் இயலாது. ஆகவே வேலையை நிறுத்தச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. வேலை தொடங்குமுன் படமெடுக்க இரண்டு நாளும், கையில் காட்ட ஒரு கடிதமும் தாருங்கள் என்பதுதான் கேட்பது. அந்த இரண்டு நாளில் என்ன செய்ய வேண்டும், ஏன் என்பதைக் கீழே எழுதுகிறோம். வெளியாட்கள் வந்துதான் செய்ய வேண்டுமென்றில்லை. உங்கள் அலுவலகத்திலேயே பொறுமையுள்ள ஒருவர், ஓரளவு நல்ல போன் ஒன்றோடு, இதில் முக்கால் பங்கைச் செய்துவிடலாம்.

எந்தக் கட்டடங்களைச் சொல்கிறோம்? புளியந்தீவுக் கோட்டையை அல்ல. 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த அந்தக் கோட்டையைப் படமெடுக்க ஆளுக்குக் குறைவில்லை. 1924இல் திறந்த கல்லடி இரும்புப் பாலத்தையும் மணவறைப் படங்களே காப்பாற்றிவிடும். சத்தமில்லாமல் போகிறவை வேறு. தூண் வைத்த விறாந்தையோடு நிற்கும் ஊர் நடுவிலுள்ள வீடுகள், பழைய பள்ளிக்கூட மண்டபங்கள், அரிசி ஆலைகளின் செங்கல் புகைபோக்கிகள், கோயில் மடப்பள்ளிகள், கிணற்றுக் கட்டுகள், மதில்கள். சட்டமும் இவற்றுக்குப் பெரிய காவல் அல்ல. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியவற்றையே தொன்மையானவையாக எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிந்திய கட்டடத்தைத் தனியாகப் பிரகடனம் செய்தால்தான் பாதுகாப்பு. நமது ஊர்களில் இன்று நிற்கும் செங்கல் வேலையில் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்கு இப்பால்தான். இடித்துவிட்டால் மிஞ்சப்போவது படம் மட்டும்.

பழைய சுவர் ஒன்றுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்று பாருங்கள். தரையை ஒட்டிய முதல் இரண்டு வரிச் செங்கல் ஓரளவு நன்றாகவே இருக்கும். முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடையில்தான் சுவர் அரித்திருக்கும். கல் உள்ளே குழிந்து, கல்லுக்கு இடையிலுள்ள சாந்து தேன்கூடுபோல வெளியே துருத்தி நிற்கும். குழியின் ஓரத்தில் வெள்ளையாக, தொட்டால் மாவாக உதிரும் உவர். நிலத்து ஈரம் சுவரில் ஏறி, அந்த உயரத்தில் காற்றில் உலர்கிறது. நீர் போய்விடும், உப்பு கல்லின் துளைக்குள் தங்கிப் படிகமாகிப் பருக்கும். பருக்கும்போது கல்லின் முகத்தை உள்ளிருந்து தள்ளி உதிர்க்கும். கடற்கரைப் பக்கச் சுவர்களில் இது இன்னும் கடுமை. 2004 டிசம்பர் 26இல் கடல்நீர் குடித்த சுவர்களில் அன்று போன உப்பு ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் மறுபடி வேலை செய்யும்.

இப்போது சுவரின் மேற்பகுதியைப் பாருங்கள். இடுப்புக்கு மேலே ஆங்காங்கே ஒரு கல் மட்டும் கரைந்து, பக்கத்துக் கல் பழுதில்லாமல் இருந்தால் குற்றம் உப்பில் இல்லை, சூளையில். சூளையின் ஓரத்தில் அடுக்கி அரைவேக்காடாக வந்த கல் மஞ்சள் கலந்த சிவப்பாக இருக்கும், மழைக்கு முதலில் கரையும். நெருப்புக்குக் கிட்ட இருந்த கல்லின் தலைப்பக்கம் கறுத்துக் கண்ணாடிபோல மினுங்கும், அது அசையாது. வரிசையாக அரித்தால் ஈரம், அங்கொன்று இங்கொன்றாக அரித்தால் வேக்காடு. இந்த வித்தியாசம் தெரிந்தால்தான் எந்தத் திருத்தத்துக்குக் காசு போட வேண்டும் என்பது தெரியும். அது தெரியும்படியான படம்தான் நல்ல படம். அழகு அதற்குப் பிறகு.

அப்படிப்பட்ட படத்துக்கு முதலில் வேண்டியது வெளிச்சம், கமரா பிறகு. படமெடுக்கிறவர்கள் காலை ஆறரைக்கும் மாலை ஐந்தரைக்கும்தான் புறப்படுவார்கள். கிழக்குப் பார்த்த சுவருக்குக் காலை வெயில் நேரே முகத்தில் விழும். நிறம் பொன்னாக இருக்கும், ஆனால் குழியும் மேடும் ஒன்றாகிவிடும், நிழல் விழாது. சுவரின் மேடுபள்ளம் தெரிய வெயில் சுவரை உரசிக்கொண்டு வரவேண்டும். நமது பக்கத்தில் அந்த வெயில் உச்சிப்பொழுதை அண்டியே கிடைக்கிறது. கிழக்குச் சுவருக்கு முற்பகல் 11 மணியிலிருந்து 11.30 வரை, மேற்குச் சுவருக்குப் பிற்பகல் ஒரு மணியை ஒட்டி.

வடக்கு, தெற்குச் சுவர்களுக்குக் கணக்கு மாதத்தில் இருக்கிறது. மட்டக்களப்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7.7 பாகையில் இருப்பதால், ஏப்ரல் 10ஐயும் செப்டம்பர் 3ஐயும் ஒட்டி நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே. பொத்துவிலில் ஓரிரு நாள் முன்பின்னாகும். அந்த இரண்டு திகதிக்கும் நடுவே, மே முதல் ஓகஸ்ட் வரை, நண்பகல் வெயில் வடக்குப் பார்த்த சுவரில் விழும். ஜூன் கடைசியில் சூரியன் வடக்கே 74 பாகை உயரத்தில் நிற்கும். சுவரில் ஒரு சென்ரிமீற்றர் துருத்தினால் கீழே மூன்றரைச் சென்ரிமீற்றர் நிழல் விழும். ஒவ்வொரு கல் வரியும் கோடு போட்டதுபோல் எழும்பும். தெற்குச் சுவருக்கு மற்ற மாதங்கள். டிசம்பர் மழையில் வெயிலை நம்ப இயலாது, பெப்ரவரி நடுப்பகுதிதான் தோது. அப்போது அதே ஒரு சென்ரிமீற்றருக்கு இரண்டே முக்கால் சென்ரிமீற்றர் நிழல். பங்குனி, புரட்டாதி மாதங்களில் காலை வெயில் வடக்கு, தெற்குச் சுவர்களைப் பக்கவாட்டில் உரசிப் போகும். சுவர் வெளியே வயிறு தள்ளியிருந்தால் அந்த வெளிச்சத்தில்தான் பிடிபடும். மேலிருந்து வரும் வெயில் வரிகளைக் காட்டும், பக்கத்திலிருந்து வரும் வெயில் வயிற்றைக் காட்டும்.

உரசும் வெயில் ஒன்று மட்டும் போதாது. அதில் நிறம் பொய் சொல்லும், நிழலுக்குள் வெடிப்பு மறையும். அதே சுவரை மேகம் மூடிய நேரத்தில் இன்னொரு முறை எடுக்க வேண்டும். இரண்டு நாள் கேட்பதன் காரணம் இதுதான்; ஒரே நாளில் இரண்டு வெளிச்சமும் கிடைப்பது அதிர்ஷ்டம். பருவமும் முக்கியம். மார்கழி, தை மாதங்களில் பாசி எந்த உயரம்வரை ஏறியிருக்கிறது என்று தெரியும். வாடை மழை விட்டு, சுவர் உலரும் மாசி, பங்குனியில் உவர் பூத்து வெளியே வரும். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் எடுத்தால் சுவர் காய்ந்து, நோயில்லாத ஆள்போல நிற்கும். ஈரத்தைத் தேடி ஆடியில் படமெடுக்கப் போவது வீண் அலைச்சல்.

கமரா பற்றிச் சுருக்கமாக. போனில் ஒன்று என்று குறித்த முதன்மை லென்ஸை மட்டும் பாவியுங்கள். 0.5 என்றிருக்கும் அகல லென்ஸ் ஓரத்துக் கல்லை நீட்டிக் காட்டும். பனோரமா நேர்ச் சுவரை வில்லாக வளைக்கும். போன் சுவருக்குச் சமாந்தரமாக, சுவரின் பாதி உயரத்தில் இருக்க வேண்டும். நிலத்தில் நின்று அண்ணாந்து எடுத்தால் சுவர் மேலே குறுகும். மென்பொருளில் நிமிர்த்தலாம்தான், ஆனால் நிமிர்த்தும்போது அதிகம் இழுபடுவது சுவரின் மேற்பகுதி. மழை முதலில் விழும் இடமும் அதுவே. பின்னால் போக இடமில்லாவிட்டால் எதிர் வீட்டு மேல்மாடி, நிறுத்தின லொறியின் பெட்டி, அல்லது நாலு மீற்றர் மூங்கில் தடியில் இறுக்கக் கட்டிய போனும் பத்து விநாடி டைமரும். ட்ரோன் வேண்டுமென்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகள் உண்டு, தடி அவ்வளவு வில்லங்கம் இல்லை. தனிக் கமரா வைத்திருப்பவர்கள் முக்காலியில் நிறுத்தி, ஐஎஸ்ஓ 100, எஃப் 8, இரண்டு விநாடி டைமர் வைத்து ரோ வடிவில் (கமரா மாற்றம் செய்யாத மூலக் கோப்பாக) எடுத்தால் போதும்.

நிறத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. படம் முழுக்கச் செங்கல்லாக இருந்தால் கமரா ‘சிவப்புக் கூடிவிட்டது’ என்று தானாக நினைத்துக் குறைத்துவிடும். கல் சாம்பல் பூத்துப் போகும். நிறத்தைச் சரிசெய்யும் வைற் பலன்ஸைத் தானியங்கியில் விடாமல் பகல் வெளிச்சத்தில் வையுங்கள். வெள்ளையடித்த சுவரில் வேறு குழப்பம்: கமரா அதைச் சாம்பலாக்கிவிடும், ஆகவே வெளிச்ச அளவை ஒரு படி கூட்டுங்கள். அழகூட்டி, ஃபில்ற்றர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஏசி வாகனத்திலிருந்து இறங்கியவுடன் கமராவை வெளியே எடுத்தால் நமது புழுக்கத்தில் லென்ஸ் வேர்க்கும். பையோடு கால்மணி நேரம் வெளியே வைத்துப் பிறகு எடுங்கள். கல்லடி, திருக்கோவில் கடற்கரைகளில் லென்ஸில் உப்புத் தூவானம் படியும். துணியால் உடனே துடைத்தால் கீறும், முதலில் ஊதிவிட வேண்டும்.

தூரம் எவ்வளவு? 12 மெகாபிக்சல் போனில், நாலு மீற்றர் தூரத்தில் நின்றால் ஏறக்குறைய ஐந்தரை மீற்றர் அகலச் சுவர் படத்துக்குள் வரும், ஒரு புள்ளிக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீற்றர். சுவரின் அமைப்பைக் காட்ட அது போதும், மயிரிழை வெடிப்புக்குப் போதாது. ஒன்றரை மீற்றருக்குக் கிட்டினால் புள்ளிக்கு அரை மில்லிமீற்றர் அளவில் கிடைக்கும். படங்களை இணைத்து முப்பரிமாண உருவாக்க நினைத்தால், ஒவ்வொரு படமும் முந்திய படத்தோடு 70 வீதம் மேற்பொருந்த வேண்டும். நாலு மீற்றர் தூரத்தில் அது ஒவ்வொரு படத்துக்கும் ஒன்றரை மீற்றர் நகர்வு, அதாவது இரண்டு காலடி. பன்னிரண்டு மீற்றர்ச் சுவருக்கு ஒரு வரிசையில் எட்டு, ஒன்பது படம். நின்ற இடத்தில் நின்று தலையைத் திருப்பித் திருப்பி எடுத்தால் மென்பொருள் திணறும். கால்தான் நகர வேண்டும். சுவரோடு நிறுத்தாமல் மூலை சுற்றி அடுத்த பக்கமும் தொடருங்கள், இல்லாவிட்டால் நாலு சுவரும் நாலு தனிப் பலகையாகக் கிடக்கும்.

ஒவ்வொரு சுவருக்கும் முதற்படம் ஒரு கரும்பலகையோ வெள்ளைத் தாளோ: கட்டடம், சுவர் பார்க்கும் திசை, திகதி. பிறகு றோட்டோடு சேர்த்துக் கட்டடம் முழுவதும், சுவர் சுவராக, மூலைகள், கதவு நிலைகள், யன்னல் வளைவுகள், ஓட்டின் கீழ் விளிம்பு. தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரத்தை மட்டும் தனியாகச் சுற்றிவர எடுங்கள். எல்லாரும் விடுவது அதைத்தான். நோய் இருப்பதும் அங்கேதான்.

அளவுகோல் இல்லாத கிட்டப் படம் பாதிப் படம். ஒரு மீற்றர்த் தடியில் பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு தரம் சிவப்பு, வெள்ளை மாறி மாறிப் பூசினால் பெரிய படத்துக்கு ஆயிற்று. கிட்டப் படத்துக்குப் பள்ளிக்கூட அடிமட்டம் போதும், சுவரோடு ஒட்டி நேராகப் பிடித்தால் சரி. பேனை, தீப்பெட்டி, நாணயம் வேண்டாம். இருபது வருடத்துக்குப் பிறகு அந்தப் பேனையின் நீளம் யாருக்குத் தெரியும்? தனிக் கல்லை அளப்பதோடு பத்து வரிக் கல்லின் உயரத்தைச் சாந்தோடு சேர்த்து அளந்து எழுதுங்கள். ஒரே சுவரின் இரண்டு பக்கத்தில் அந்தப் பத்து வரி அளவு வேறுபட்டால் அவை இரண்டு காலத்தில் கட்டியவை என்று பிடித்துக்கொள்ளலாம். வரிகள் ஒன்றுக்கொன்று பூட்டாமல் மேலிருந்து கீழாக நேர்க்கோடு விழுந்தால், அங்கே அடைத்த கதவு ஒன்று இருக்கும், அல்லது பிறகு ஒட்டிய அறை. கல்லின் நீளப் பக்கம் தெரிய ஒரு வரி, தலைப்பக்கம் தெரிய ஒரு வரி என்று மாறி வருகிறதா, ஒரே வரியில் இரண்டும் கலந்து வருகிறதா என்பதும் படத்தில் விளங்க வேண்டும். உதிர்ந்த இடத்தில் சாந்தை அரை முழத் தூரத்தில் ஒரு படம்: சரியாக நீறாத சுண்ணாம்புக் கட்டி, ஊரித் துண்டு, முருகைக்கல் பொடி எல்லாம் அதில் கிடக்கும். கையால் அறுத்த கல்லில் விரல் இழுத்த கோடு இருக்கும்; மண்ணில் உமி கலந்திருந்தால் அது எரிந்த சிறு பொந்து தெரியும். இவற்றுக்கு ஒரு நிமிடம் செலவாகும், அவ்வளவுதான்.

இனி உங்களிடம் சற்று உரிமையோடு சொல்ல வேண்டியவை. படமெடுக்க ஆள் வருகிறதென்று சுவரைக் கழுவாதீர்கள். தண்ணீர் அடித்தால் செங்கல் சிவந்து அழகாகும், ஆனால் உவர் கரைந்து உள்ளே போய்விடும். அடுத்த மாதம் வேறிடத்தில் பூக்கும். கம்பித் தூரிகையும் அழுத்தத் தண்ணீர்க் குழாயும் கல்லின் வெந்த மேற்தோலை உரித்துவிடும். அந்தத் தோல் போனால் உள்ளிருப்பது அரைவேக்காட்டு மண்தான். சுவரில் முளைத்த அரசையும் ஆலையும் இழுத்துப் பிடுங்காதீர்கள். வேர் வரும்போது நாலு கல்லையும் கூட்டிக்கொண்டு வரும். முதலில் படமெடுத்து, பிறகு அடியில் வெட்டி, வேர் காய்ந்தபின் எடுக்கலாம்.

சீமெந்து பற்றி மேசன்மாரோடு நிறைய வாக்குவாதம் நடக்கும், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. மதிப்பீட்டில் சீமெந்து என்று எழுதியிருந்தால் அவர்கள் சீமெந்துதான் குழைப்பார்கள். 1978 நவம்பர் 23 சூறாவளி கூரைகளைக் கொண்டுபோன பிறகு கைக்குக் கிடைத்ததைக் கொண்டு அடைத்தது அவசரத்துக்குச் சரி. ஆனால் சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் சீமெந்து வைத்தால், ஈரம் கல்லுக்கு இடையிலுள்ள அந்த இறுகிய சாந்துக் கோட்டால் வெளியேறாமல் கல்லின் வழியே வெளியேறும். கோடு நிற்கும், கல் போகும். கீழ் ஒரு மீற்றருக்குச் சீமெந்துப் பூச்சு போட்ட சுவரில் ஈரம் ஏறுவது நிற்காது, பூச்சுக்கு மேலே ஏறி அங்கே உவர் பூக்கும். இதை வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். ஒரே இடத்தில் நின்று வருடத்துக்கு ஒரு தரம் எடுத்த மூன்று படத்தை அடுத்தடுத்து வைத்துக் காட்டினால் வாக்குவாதம் முடிந்துவிடும். அதற்காகவே நின்ற இடத்தைக் கட்டடத்தின் இரண்டு மூலைகளிலிருந்து நாடாவால் அளந்து எழுதி வைக்கச் சொல்கிறோம்.

எடுத்த படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், எடுத்த திகதி உள்ளிட்ட உள் விபரமும் அழிந்துவிடும். ஆவணம் என்ற வழியால் அனுப்புங்கள். முகநூல் சேமிப்பகம் அல்ல. ஒரு கட்டடத்துக்கு இருநூறு ஜேபெக் படம் என்றால் ஒரு ஜிபி அளவு வரும், ரோ என்றால் ஐந்து ஜிபி. ஒரு பிரதி அலுவலகத்தில், ஒன்று பொது நூலகத்தில், ஒன்று ஊருக்கு வெளியே. நூலக நிறுவனம் நடத்தும் இணைய ஆவணகம் நமது மொழியில் தேடக்கூடிய இடம். திருத்த வேலையின் படங்களும் வரைபடங்களும் ஒரு பொது நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்க வேண்டும் என்று பழைய கட்டடப் பாதுகாப்புக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் 16ஆம் பிரிவே சொல்கிறது. ஆகவே இது எங்கள் புது ஆசை அல்ல.

கடிதம் ஏன் கேட்கிறோம் என்றால், முக்காலியோடு ஒரு பழைய சுவருக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றால் நமது மாவட்டங்களில் கேள்வி வரும். பக்கத்தில் முகாமோ பொலிஸ் நிலையமோ இருந்தால் இன்னும் விரைவாக வரும். எந்தக் கட்டடம், எந்த நாட்கள், யார் யார், எதற்காக என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரே தாளில், முத்திரையோடு, கிராம உத்தியோகத்தருக்கும் பிரதி போட்டுத் தாருங்கள். மூலஸ்தானத்துக்குள் கமரா வராது. வெள்ளிக்கிழமை நண்பகலில் பள்ளிவாசல் பக்கம் வரமாட்டோம். வீடுகளில் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும். மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெரும்பாலும் மகள் பேரில் இருப்பதால் தகப்பனிடம் கேட்டு முடிப்பது போதாது. கொடியில் காயும் உடுப்பும் வீட்டு ஆட்களும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.

விலைமனு ஆவணத்தில் இரண்டு வரி சேர்த்துவிட்டால் இந்த மடலின் தேவையே பாதி குறையும்: ‘பூச்சு உடைப்பதற்கு முன்னும், உடைத்துச் செங்கல் வெளித்தெரிந்த நிலையிலும், ஒவ்வொரு சுவரும் அளவுகோலோடு படமெடுக்கப்பட்டு ஒப்படைக்கப்பட வேண்டும். ஒப்படைக்காமல் முதற்கட்டக் கொடுப்பனவு இல்லை.’ இரண்டாவது நிலைதான் பொன். பழைய பூச்சு விழுந்து புதுப் பூச்சு ஏறும் வரையுள்ள சில நாளில் மட்டும் சுவர் தன் முழுக் கணக்கையும் காட்டும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சாரம் கட்டினபின் கூப்பிட்டால் கமுகம் தடிக்கும் பச்சை வலைக்கும் பின்னால் சுவரைத் தேட வேண்டியிருக்கும். சுவர் முழுவதும் ஒரே படத்தில் விழாது. கட்டுவதற்கு முதல் நாள் சொல்லியனுப்புங்கள். கட்டினபின் இன்னொரு தரம் வருவோம், சாரத்தில் ஏறி மேல் விளிம்பைக் கிட்ட எடுக்க. அந்த நாளில் மேசன் ஐயாவிடம், வலையை மட்டும் ஒரு மணி நேரம் பொறுத்துக் கட்டச் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
பழைய கட்டடங்களைப் படமெடுத்துப் பதிவுசெய்வோர்,
மட்டக்களப்பு, கல்முனை.